முகாமில் பிறந்த பிள்ளை எங்கிருந்தும் வரவில்லை

நேற்றிரவு தொலைக்காட்சி விவாதத்தில் "இலங்கையில் போர்தான் முடிந்துவிட்டதே, வந்தவர்கள் கிளம்பட்டும்" என்று ஒரு பெரியவர் சொன்னதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பேச்சு, தமிழ்நாட்டிலுள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் பிறந்த பிள்ளைகளைப் பற்றியது. அவர்கள் எங்கிருந்தும் வரவில்லை. நம்முடைய அரசு மருத்துவமனைகளில் பிறந்து, நம்முடைய அரசு கொடுத்த பிறப்புச் சான்றிதழோடு வளர்ந்தவர்கள். வராதவரைத் திரும்பிப் போகச் சொல்வது என்ன நியாயம்?

1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், அயல்நாட்டுத் தூதரின் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் தவிர, இம்மண்ணில் பிறந்த அனைவரையும் குடிமக்களாக ஏற்றது. 1987 ஜூலை 1 முதல், பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும் என்றானது. 2004 டிசம்பர் 3 முதல், ஒருவர் குடிமகனாக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது என்றானது. உயிர் பிழைக்கப் படகேறி ராமேசுவரம் கரையில் இறங்கியவர்களிடம் கடவுச்சீட்டும் விசாவும் எப்படி இருக்கும்? அவை இல்லாமல் வந்தவர் சட்டத்தின் கண்ணில் சட்டவிரோதக் குடியேறிதான். இந்த விதிகளால், ஒரே முகாமில் ஒரே தாய்க்கு 1986இல் பிறந்த அண்ணன் சட்டப்படி இந்தியர், 1989இல் பிறந்த தம்பி அயலார். அந்த அண்ணனே படகில் வந்த ஒரு பெண்ணை மணந்து இன்று பிள்ளை பெற்றால், அந்தப் பிள்ளையும் இந்தியர் அல்ல.

நான் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன். வகுப்பில் முதலாவதாக வந்த முகாம் மாணவி ஒருத்தியிடம் அரசுப் பணித் தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சொன்னேன். குடியுரிமை கேட்ட இடத்தில் அவள் விரல் நின்றுவிட்டது. "அம்மம்மாவுக்கு மன்னார் தெரியும், சார். அம்மா கைக்குழந்தையாக வந்தவர். எனக்கு நம்ம ஊர் மட்டும்தான் தெரியும்" என்றாள். அவளிடம் சொல்ல எனக்கு ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. இப்போது ஒரு தனியார் கடையில் கணக்கு எழுதுகிறாள். அவளையும் சேர்த்துத்தான் அந்தப் பெரியவர் கிளம்பச் சொல்கிறார்.

எல்லை தாண்டி வரும் எல்லோரும் இங்கே பிள்ளை பெற்றுக்கொண்டால் நாடு தாங்குமா என்று கேட்பீர்கள். வங்கதேசத்திலிருந்து வருவோர் பெருகுவது பற்றிய அசாம் மக்களின் அச்சத்தை நான் எளிதாக எண்ணவில்லை; அதற்கெதிரான போராட்டத்தை முடித்துவைத்த 1985ஆம் ஆண்டு அசாம் ஒப்பந்தத்தை அடுத்தே சட்டம் இறுக்கப்பட்டது என்பதும் தெரியும். ஆனால் 1983 முதல் அரசே பதிவு செய்து, முகாம் அமைத்து, உதவித்தொகை கொடுத்து, காவல்துறையின் உளவுப் பிரிவான கியூ பிரிவின் கண்காணிப்பிலும் வைத்திருக்கும் குடும்பங்கள் இவை. ஒளிந்து நுழைந்தவர்களோடு இவர்களை ஒரே கணக்கில் எழுதுவது எப்படிப் பொருந்தும்? தமிழர் என்பதால்தான் உருகுகிறேன் என்று சிலர் எழுதுவார்கள். எழுதட்டும். எந்த மொழி பேசும் வீட்டில் பிறந்திருந்தாலும், இங்கே பிறந்த பிள்ளை இங்கே பிறந்த பிள்ளைதான்.

போர் முடிந்தது உண்மை. விரும்பித் திரும்புவோரை யாரும் தடுக்க வேண்டாம். ஆனால் கண்ணால் காணாத நாட்டுக்கு ஒருவரைத் 'திரும்ப' அனுப்ப முடியாது. அதன் பெயர் நாடுகடத்தல். 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம், தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து போனவர்களின் வழியில் அங்கேயே பிறந்த மலையகத் தமிழர்களிடம் தந்தை பிறந்த இடத்துக்கு ஆவணம் கேட்டு, லட்சக்கணக்கானோரை நாடற்றவர்களாக்கியது. அதை அநீதி என்று மேடைதோறும் பேசினோம், இன்றும் பேசுகிறோம். நம் முகாம்களில் இருப்போரில் ஆயிரக்கணக்கானோர் அந்த மலையகத் தமிழரின் வழிவந்தவர்கள். பாட்டனுக்குக் கொழும்பு சொன்னதைப் பேரனுக்கு நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இதைச் சொன்னால் என்னைத் தேச விரோதி என்கிறார்கள். இந்த நாட்டை இருபத்தைந்து ஆண்டுகளாக வகுப்பறையில் போற்றிப் பேசிவருகிற எனக்கு அது வலிக்கிறது.

சட்டம் கல்லில் எழுதியதன்று. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து வந்த ஆறு சமயத்தினருக்காக 2019இல் நாடாளுமன்றம் இதே சட்டத்தைத் திருத்தியது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. வந்தவர்களுக்காகவே திருத்த முடிந்தது என்றால், எங்கிருந்தும் வராமல் இங்கேயே பிறந்தவர்களுக்காக ஏன் திருத்த முடியாது?