எல்லா நாயும் நீந்தாது
"நாய்க்கு நீச்சல் பிறவியிலேயே வரும், தூக்கிக் கிணற்றில் போட்டால் தானே கற்றுக்கொள்ளும்" என்று எழுதியிருக்கிறீர்கள், தயவுசெய்து யாரும் இதைச் செய்து பார்க்காதீர்கள். தண்ணீரில் விழுந்ததும் காலை அடிப்பது வேறு, மிதப்பது வேறு. பக், புல்டாக் மாதிரி தட்டை மூக்கு நாய்கள் மூச்சுவிட முகத்தைத் தூக்கினாலே பின்பக்கம் அமிழ்ந்துவிடும். டாஷ்ஹண்டுக்குக் கால் குட்டை, சீக்கிரம் களைத்துப்போகும். சரி, லாப்ரடார் நன்றாக நீந்தும்தான், ஆனால் படியில்லாத கிணற்றில் அதுவும் ஏற வழியில்லாமல் சுவரைப் பிறாண்டிப் பிறாண்டியே சோர்ந்து மூழ்கிவிடும், பாவம். நாய்க்கு நீச்சல் பழக்க வேண்டுமென்றால், ஆழமில்லாத இடத்தில், முதுகில் கைப்பிடி வைத்த லைஃப் ஜாக்கெட் போட்டு, அதுவாக இறங்கட்டும் என்று விடுங்கள். அப்புறம் ஏறி வெளியே வரும் படி எது என்று திரும்பத் திரும்பக் காட்டுங்கள், வீட்டில் நீச்சல் குளம் இருந்தால் முதல் நாளே.