அந்த ரயில் வீடியோவை எனக்கு அனுப்பியவர்களுக்கு

அந்த வீடியோவை நேற்றிரவு வரை 11 பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். 12-ஆவதாக யாரும் சிரமப்பட வேண்டாம். பார்த்துவிட்டேன். அதாவது, கேட்டுவிட்டேன், எனக்குக் கண் தெரியாது. மிச்சத்தை அலுவலகத்தில் பக்கத்து சீட்டுத் தோழி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

என்ன வீடியோ என்று கேட்பவர்களுக்கு ஒரே வரி: ரயிலில் கண் தெரியாத ஒருவர் போன் பயன்படுத்துவதை, அவர் நடிக்கிறார் என்று காட்ட யாரோ எடுத்தது. அதற்கு மேல் விவரித்து இன்னும் நாலு பேரைத் தேட வைக்க எனக்கு விருப்பமில்லை. "கண்ணு தெரியாதாம், ஆனா போனை என்னமா நோண்டுறான் பாரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வருகிறதே, அந்தக் குரலுக்குத்தான் இதை எழுதுகிறேன். தம்பி, போனைக் கண்ணால்தான் பயன்படுத்த வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது?

நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். கண் தெரியாதவர்கள் போன் பயன்படுத்துவார்கள். தினமும் பயன்படுத்துவார்கள். உங்களைவிட வேகமாகக்கூடப் பயன்படுத்துவார்கள்.

உங்கள் ஆண்ட்ராய்டு போனிலேயே அது இருக்கிறது. செட்டிங்ஸில் அக்ஸசிபிலிட்டி என்று ஒரு இடம் உண்டு, யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. அதற்குள் டாக்பேக். ஐபோனில் வாய்ஸ்ஓவர், அது 2009-லேயே வந்துவிட்டது. போட்டுவிட்டால் விரல் எதைத் தொடுகிறதோ அதைப் போன் வாசிக்கும். திறக்க வேண்டுமென்றால் இரண்டு முறை தட்ட வேண்டும். விரலை வலப்பக்கம் சுண்டினால் அடுத்தது, இடப்பக்கம் சுண்டினால் முந்தையது. போட்டுப் பாருங்கள். அணைக்கத் தெரியாமல் என்னைக் கூப்பிடாதீர்கள்.

இப்போது அந்த வீடியோவை இன்னொரு தடவை பாருங்கள், உங்களுக்குத்தான் கண் இருக்கிறதே. என் தோழி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "விரலை வலதுபக்கம் சுண்டுறார், சுண்டுறார், சுண்டுறார், ரெண்டு தட்டு தட்டுறார். போனோட அடிப்பக்கத்தைக் காதுல வெச்சிருக்கார். மூஞ்சி ஜன்னல் பக்கம் இருக்கு." கண் தெரிந்தவர் எவராவது ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வாட்ஸ்அப் பார்ப்பாரா? ரயில் இரைச்சலில் ஸ்பீக்கர் சத்தம் கேட்காது, அதனால் போனைக் காதோடு ஒட்டி வைத்திருக்கிறார். நானும் குரோம்பேட்டையிலிருந்து பூங்கா வரை அப்படித்தான் தினமும் போகிறேன். அவர் நடிக்கிறார் என்று காட்ட எடுத்த வீடியோவிலேயே அவர் நடிக்கவில்லை என்பது இருக்கிறது. எடுத்தவருக்குத்தான் தெரியவில்லை.

கமெண்டில் ஒருவர் துப்பறிந்திருக்கிறார்: "ஸ்க்ரீன்ல லைட் எரியுதே, கண் தெரியாதவருக்கு லைட் எதுக்கு?" ஐயா, அது தானாக எரியும். மறைக்கவும் வழி இருக்கிறது, நான் மறைத்துத்தான் வைத்திருக்கிறேன், ஏனென்றால் பக்கத்தில் நிற்பவர்கள் என் பேங்க் மெசேஜைப் படிக்கிறார்கள். மறைத்துவிட்டு நான் சுண்டிக்கொண்டிருந்தபோது பழவந்தாங்கலில் ஏறிய ஒரு அம்மா என்ன சொன்னார் தெரியுமா? "பாவம், அணைஞ்ச போனை வெச்சு விளையாடுது." ஆக, எரிந்தால் நடிப்பு, அணைந்தால் பைத்தியம்.

இன்னொன்று. வெள்ளைக் கோல் பிடித்தவர்கள் எல்லாருக்கும் முழு இருட்டு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். பார்வையின் பரப்பு 10 டிகிரிக்குக் கீழே இருந்தாலே பார்வையின்மை என்கிறது. ஸ்ட்ரா வழியாக உலகத்தைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓட்டையில் போன் எழுத்து தெரியும், காலடியில் இருக்கும் படிக்கட்டு தெரியாது. நான் காலேஜ் படிக்கும்போது அப்படித்தான் இருந்தேன். எனக்கு விழித்திரை நோய், ஓரத்திலிருந்து உள்நோக்கித் தின்றுகொண்டே வரும். கோலும் பிடிப்பேன், பஸ் போர்டையும் படிப்பேன். ஒரு நாள் கண்டக்டர் ஒருவர், பஸ் நிறைய ஜனம் இருக்கும்போது, "இன்னாமா, போர்டைப் படிக்கிறே, குச்சியும் வெச்சிக்கினுகிறே, எதுனா ஒண்ணு பண்ணு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் கோலை மடித்துப் பைக்குள் வைத்தேன், ஒரு வருஷம் வெளியே எடுக்கவில்லை. மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளத்தில் விழுந்து முட்டியில் 6 தையல் போட்ட பிறகுதான் எடுத்தேன். ஒரு சிரிப்பு ஒருவரை எங்கே கொண்டுபோய்த் தள்ளும் என்று வீடியோ எடுப்பவர்களுக்குத் தெரிய நியாயமில்லை.

சரி, போனுக்கே வருகிறேன். கண் இல்லாமல் போன் எப்படி என்று வியப்பவர்கள் உங்கள் தெரு டீக்கடைக்குப் போங்கள். கியூஆர் அட்டை பக்கத்தில் ஒரு சின்ன டப்பா இருக்கும். நீங்கள் பணம் அனுப்பியதும் "இருபது ரூபாய் பெறப்பட்டது" என்று தமிழில் கத்தும். மாஸ்டர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார், ஆற்றுகிற டீயில்தான் கண் இருக்கும். ஸ்க்ரீனைப் பார்க்க முடியாத நேரத்தில் காதால் தெரிந்துகொள்கிறார். நாங்கள் செய்வதும் அதேதான். அவரை யாரும் வீடியோ எடுத்து "பணம் வந்ததைப் பார்க்காமலே கண்டுபிடிக்கிறான்" என்று போடுவதில்லை.

இந்தச் சத்தம் எனக்கு என்ன கொடுத்தது என்று கேளுங்கள். 2008-இல் ஹாஸ்டலில் இருந்தேன், அப்போது எழுத்து தெரிவது முழுக்கப் போய்விட்டது. போனில் மெசேஜ் வந்தால் யாரிடமாவது நீட்டுவேன். ஒருவர் எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பினார். எப்படிப்பட்ட மெசேஜ் என்று சொல்லத் தேவையில்லை, எனக்கும் அப்போது 23 வயது. ரூம்மேட் அதை மெஸ்ஸில் எல்லோர் முன்னாலும் ராகம் போட்டு வாசித்தாள். அவள் கெட்டவள் இல்லை, ஜாலியாகத்தான் செய்தாள். நான் சாம்பாரில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். அந்த மனிதருக்குக் கடைசிவரை பதில் போடவில்லை, போட வேண்டுமென்றாலும் அவளிடம்தானே சொல்லி அடிக்க வேண்டும்.

அப்புறம் கம்ப்யூட்டர் பயிற்சிக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டர் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் ஜாஸ் என்கிற மென்பொருள் இருந்தது. நல்ல மென்பொருள்தான், ஆனால் விலை கொடுத்து வாங்காவிட்டால் 40 நிமிடம்தான் பேசும். 40 நிமிடத்துக்கு ஒருமுறை வகுப்பே கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போடும். கடிதத்தின் நடுப்பத்தியில் இருக்கும்போது குரல் நின்றுவிடும். பிறகு ஒருநாள் பயிற்றுநர் அதே வேலையைச் செய்யும் என்விடிஏ என்று ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். ஆஸ்திரேலியாவில் கண் தெரியாத இரண்டு இளைஞர்கள் 2006-இல் தொடங்கியது, இலவசம். அன்றைக்கு 41-ஆவது நிமிடம் வந்தது, குரல் நிற்கவில்லை. வகுப்பில் யாரோ கை தட்டினார்கள். இன்றைக்கும் என் சம்பளம் அந்தக் குரலில்தான் வருகிறது.

"போலிகளும் இருக்கிறார்கள்தானே மேடம், ரயில்வே சலுகைக்காக எத்தனை பேர் ஏமாற்றுகிறார்கள்" என்று கேட்கப் போகிறீர்கள், தெரியும். இருக்கிறார்கள். போலி டாக்டரும் இருக்கிறார், அதற்காக நீங்கள் ஸ்டெதஸ்கோப் மாட்டியவரை எல்லாம் வீடியோ எடுப்பதில்லை. சான்றிதழைப் பார்க்க டிக்கெட் பரிசோதகர் இருக்கிறார். உங்களுக்கு அந்த வேலை கொடுத்தது யார்? இதற்கு மேல் இந்தக் கேள்விக்கு மரியாதை தர எனக்குப் பொறுமை இல்லை.

"அவர் கேள்விதானே கேட்டார், தெரியாமல் செய்ததற்கு இவ்வளவு கோபமா" என்பவர்களே, கேள்வியை அவரிடம் கேட்டிருக்கலாம். இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

உண்மையில் எங்களுக்குப் போன் சுலபமும் இல்லை. அதை யாராவது வீடியோ எடுங்களேன். ஒரு பணம் அனுப்பும் ஆப்பில் பட்டன்களுக்குப் பெயரே எழுதவில்லை. டாக்பேக் என்ன வாசிக்கும்? "பட்டன். பட்டன். பட்டன். பட்டன்." நாலாவது பட்டன் பணம் அனுப்ப, ஐந்தாவது திரும்பிப் போக என்று எண்ணி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஒரு அப்டேட் வந்தது, நடுவில் புதிதாக ஒன்றைச் சொருகிவிட்டார்கள். அன்றைக்குப் பால்காரருக்கு அனுப்பப் போய் எனக்கே ஒரு லோன் கேட்டு விண்ணப்பித்துவிட்டேன். வாரம் முழுக்க ஒரு பெண் போன் செய்து "மேடம், உங்கள் லோன்" என்றாள்.

நாம் யார் என்று பேங்க் சரிபார்க்கும் கேஒய்சி இன்னும் அருமை. வீட்டிலிருந்தபடியே அக்கவுண்ட் தொடங்கலாம் என்றார்கள். "முகத்தை வட்டத்துக்குள் வைக்கவும்." எந்த வட்டம்? வட்டம் பேசாது. தம்பியைக் கூப்பிட்டேன், அவன் என் தாடையைப் பிடித்து, போட்டோ ஸ்டூடியோக்காரர் மாதிரி, இப்படி அப்படித் திருப்பினான். அடுத்து "கண்ணைச் சிமிட்டவும்." சிமிட்டினேன். ஏற்கவில்லை. இன்னும் பலமாகச் சிமிட்டினேன். நான் உயிரோடு இருக்கிறேனா என்பதில் அந்த ஆப்புக்குக் கடைசிவரை நம்பிக்கை வரவில்லை. உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30-இல் இதற்காகவே ஒரு தீர்ப்புக் கொடுத்தது. நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு. ஆசிட் வீச்சில் முகமும் கண்ணும் சிதைந்தவர்களும், பார்வையில்லாத ஒருவரும் போட்ட வழக்குகள். டிஜிட்டல் சேவைகளைப் பெறுவது வாழும் உரிமையின் பகுதி, சிமிட்டுவதைத் தவிர வேறு வழியும் கொடுங்கள் என்று சொல்லி 20 உத்தரவுகள் போட்டார்கள். தீர்ப்பு வந்த பிறகுதான் என் தம்பி என் தாடையைப் பிடித்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குடியிருப்போர் சங்கத்துச் சுற்றறிக்கை இன்னொரு கூத்து. யாரோ பழைய பாமினி எழுத்துருவில் அடித்து அனுப்புகிறார்கள். அது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் மாட்டிவிடும், உங்களுக்குத் தமிழாகத் தெரியும். எனக்கு "தமிழ்" என்ற வார்த்தை "ஜே கே பி ஓ செமிகோலன்" என்று கேட்கும். தமிழைத் தமிழாகவே சேமிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாறச் சொல்லி 2010-லேயே தமிழ்நாடு அரசு சொல்லியாயிற்று. எங்கள் சங்கச் செயலாளருக்கு இன்னும் செய்தி எட்டவில்லை. தண்ணீர் லாரி எப்போது வரும் என்பது எனக்கு மட்டும் ரகசியம்.

போன பதிவில் ஒருவர், "கண் தெரியாதவர் இவ்வளவு நீளமாக எழுதுவாரா, டவுட்டா இருக்கே, எழுத்துப்பிழை வேற" என்று போட்டிருந்தார். பாதி வாயால் சொல்லி, பாதி விரலால் திருத்தி எழுதுகிறேன். பிழை வரும். இரண்டு சுழியும் மூன்று சுழியும் அந்த இயந்திரக் குரலில் எனக்கு ஒரே மாதிரி கேட்கின்றன. நீங்கள் கண்ணோடு செய்யும் பிழைகளுக்கு என்ன காரணம் என்று நான் கேட்கவில்லையே.

இவ்வளவு எழுதியும் எனக்கு எங்கே வலிக்கிறது என்று இன்னும் சொல்லவில்லை. அந்த வீடியோ முதலில் எனக்கு வந்தது எங்கள் குடும்ப குரூப்பில். அனுப்பியது என் சித்தி பையன். ஏழாம் வகுப்பு வரை என்னிடம் கணக்கு படித்தவன். என் போனில் டாக்பேக்கின் வேகத்தைக் கூட்டி "அக்கா, இது உனக்குப் புரியுதா" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தவன். அவனுக்குத் தெரியாததா? வீடியோவின் கீழே அவன் போட்டிருந்ததை என் போன் ஒன்றுவிடாமல் வாசித்தது. "கண்ணீரோடு சிரிக்கும் முகம். கண்ணீரோடு சிரிக்கும் முகம். கண்ணீரோடு சிரிக்கும் முகம்." 7 முறை. நீங்கள் வரிசையாக அமுக்கிவிட்டுப் போவதை நாங்கள் ஒவ்வொன்றாகக் கேட்டாக வேண்டும். கீழே பெரியப்பா ஒரு கட்டைவிரல்.

நான் எதுவும் போடவில்லை. சித்திதான் போன் செய்து "அவன் உன்னை நினைச்சா போட்டான்? நீ ஏன் எல்லாத்தையும் உன் மேலயே எடுத்துக்கிறே" என்றாள். அதற்கும் பதில் சொல்லவில்லை.

இன்று காலை கிண்டி தாண்டும்போது அவனிடமிருந்து தனியாக ஒரு மெசேஜ் வந்தது. போனைக் காதில் வைத்து, சுண்டி, இரண்டு தட்டு தட்டினேன். "ஸ்டிக்கர்" என்றது. அவ்வளவுதான் சொல்லும், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாது. மன்னிப்பாக இருக்கலாம், வடிவேலுவாகவும் இருக்கலாம். எதிர் சீட்டில் யாரோ இருந்தார்கள், கேட்டிருந்தால் பார்த்துச் சொல்லியிருப்பார்கள். கேட்கவில்லை.