தாங்குறவன்னா அடிக்கலாமா?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பாஸ்கெட்பால் மேட்ச் பற்றி எழுதவே கூடாது என்று இரண்டு நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். "ஸ்டார் பிளேயர்னா தொட்டாலே விசில் அடிக்கணுமா ப்ரோ?" என்று ஒருத்தர் கேட்டுவிட்டார். சரி, எழுதிவிடுகிறேன்.

தொட்டாலா? நம்ம டீம் ஸ்டார், ஏழாம் நம்பர் பையன், லே-அப்புக்கு (கூடைக்குப் பக்கத்தில் ஓடிப்போய் எழும்பிப் பந்தைப் போடுவது) எழும்பும்போது முழங்கையில் விழுந்த அடிச் சத்தத்துக்கு, வெளியே அத்தோ நூடுல்ஸ் கலக்கிக்கொண்டிருந்தவரே திரும்பிப் பார்த்தார். ரெஃபரி நின்றது மூன்றடி தூரத்தில். கேட்டால், "அவன் ஸ்ட்ராங்கான பையன், தாங்குவான்" என்கிறார். தாங்குவான் என்பது ரூல் புக்கில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது சார்? ஒல்லிப் பையன் சாய்ந்தால் ஃபவுல், இவன் சாயாமல் நின்றால் ஃபவுல் இல்லை. அடி ஒரே அடிதானே?

"பெரிய பிளேயருக்குத்தான் எல்லாச் சலுகையும்" என்பவர்கள், அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கில் 2023 ஜனவரியில் பாஸ்டனில் நடந்த லேக்கர்ஸ் - செல்டிக்ஸ் ஆட்டத்தைப் போட்டுப் பாருங்கள். ஸ்கோர் 105-105. கடைசி வினாடிகளில் லேக்கர்ஸ் ஸ்டார் லெப்ரான் ஜேம்ஸ் லே-அப் போகிறார், செல்டிக்ஸின் டேட்டம் அவர் கையில் அடிக்கிறார், விசில் இல்லை. ஓவர் டைமில் லேக்கர்ஸ் 125-121 என்று தோற்றது. லேக்கர்ஸ் பிளேயர் பெவர்லி ஒரு போட்டோகிராஃபரின் கேமராவையே வாங்கிப் போய் ரெஃபரியிடம் படத்தைக் காட்டினார். அவருக்குக் கிடைத்தது டெக்னிக்கல் ஃபவுல், அதாவது நடத்தைக்குத் தண்டனை! தப்புதான் என்று அப்புறம் ரெஃபரிகளே ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டு என்ன, ஸ்கோர்போர்டா மாறியது? லெப்ரானுக்கே அந்தக் கதி.

உடனே இன்னொரு என்.பி.ஏ. ஸ்டார் ஜேம்ஸ் ஹார்டனை இழுத்துக்கொண்டு வராதீர்கள். தானே போய் எதிராளி மேல் மோதி அவர் ஃபவுல் 'வாங்கிய' அழகு ஊருக்கே தெரியும். 2021-22 சீசனில் அந்த மாதிரி வித்தைக்கு விசில் அடிக்கக் கூடாது என்று அங்கே இறுக்கியும்விட்டார்கள். அதை எதற்கு இந்தப் பையன் தலையில் கட்டுகிறீர்கள்?

நானும் யோக்கியன் இல்லை. பதினேழு வயதில் எனக்கு டீமில் இருந்த வேலையே எதிர் டீம் ஸ்டாரின் ஜெர்சியைப் பிடித்து இழுப்பதுதான். "அஞ்சாவது ஃபவுல்லதான்டா வெளிய போகணும், நாலைச் செலவு பண்ணு" என்பார் கோச். நாலு செலவானதே இல்லை, இரண்டுதான் பிடிபடும். நான் இழுத்த அந்த ஸ்டார் அண்ணனை இப்போதும் ராயபுரம் பக்கம் பார்த்தால் இடது தோளைத் தேய்த்துக் காட்டிச் சிரிப்பார். எனக்குத்தான் சிரிப்பு வராது.

அதே வருஷம் சிட்டியின் தெற்குப் பக்கம் ஒரு ஸ்கூல் கோர்ட்டுக்கு ஆடப் போனோம். பந்தைத் தூக்கிப் போடுவதற்கு முன்னாலேயே ரெஃபரி எங்களை மட்டும் கூப்பிட்டு, "வடசென்னைப் பசங்கதானே? அடிதடி எல்லாம் இங்க வேணாம்" என்றார். பாதி ஆட்டம் முடிவதற்குள் எனக்கு நாலு ஃபவுல். அன்றைக்கு நான் ஒருத்தன் ஜெர்சியையும் தொடவில்லை, சத்தியமாக.

"ரெஃபரியும் மனுஷன்தானே" என்று வரப்போகிறவருக்கு: ஆமாம், மனுஷன்தான். பையனும் மனுஷன்தான்.

நேற்று சாயங்காலம் முழங்கை வீங்கிய நிலையிலேயே கோர்ட்டுக்கு வந்திருந்தான். கூட்டாளிகள் அவனுக்கு விழப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். கை பட்டதும் கத்திக்கொண்டே எப்படிச் சரிவது, எவ்வளவு நேரம் எழுந்திருக்காமல் கிடப்பது என்று. நான் தடுக்கவில்லை.