மூடியை இறுக்கினால் வைன் ஏறாது, போத்தல்தான் வெடிக்கும்

"அலுமினியப் பானையோ கழுவின வயல் மருந்துக் கானோ போதும், மூடியை இறுக்கிப் பூட்டினால்தான் விளாம்பழ வைன் ஏறும்" என்று ஒருவர் எழுதியிருப்பதைத் தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். 1 கிலோ சீனி முழுதாய்ப் புளித்தால் 250 லீற்றருக்கு மேல் காபனீரொட்சைட்டு வரும். போக வழியில்லாவிட்டால் கண்ணாடி சிதறும். மூடியில் துளையிட்டு மெல்லிய குழாயை இறுக்கமாகச் செருகி, மறுமுனையைத் தண்ணீர்ப் போத்தலுக்குள் அமிழ்த்துங்கள். வைன் இருக்கும் பாத்திரத்தில் கால்வாசி இடம் வெறுமையாக இருக்கட்டும். இல்லாவிட்டால் வன்னி வெக்கையில் நுரை பொங்கிக் குழாயை அடைத்துவிடும்.

விளாம்பழப் புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். வயலுக்கு அடிக்கும் மருந்தோ பிளாஸ்ரிக்கிலேயே ஊறியிருக்கும், எத்தனை தரம் கழுவினாலும் முழுதாய்ப் போகாது. அந்தக் கானில் குடிதண்ணீர்கூட வைக்கக்கூடாது. உணவுக்கென்றே விற்கும் வாளி வாங்குங்கள். அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் 2 என்ற இலக்கம் பிளாஸ்ரிக் வகையை மட்டுமே சொல்லும், பெயின்ற் வாளியிலும் அது இருக்கலாம்.