காலில் கயிறு கட்டியதாக லேவியராகமத்தில் இல்லை
சகோதரரே, “பிரதான ஆசாரியன் செத்தால் இழுத்தெடுக்க அவர் காலில் கயிறு கட்டினார்கள், லேவியராகமம் 16-ல் இருக்கிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். பாவநிவாரண நாளில் அவர் திரைக்குள், அதாவது மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள், போவதைச் சொல்லும் அந்த அதிகாரத்தில் கயிறே கிடையாது. யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், அந்த நாளைப் பற்றிய யோமா பகுதியிலும் இல்லை. 13-ஆம் நூற்றாண்டில் வெளிவந்த யூத மறைஞான நூலான சோஹாரில்தான் அந்தக் கதை தென்படுகிறது. மணிச் சத்தம் நின்றால் இழுப்பார்கள் என்பதும் பொருந்தாது. மணிகள் தொங்குவது நீல அங்கியில் (யாத்திராகமம் 28:33-35). பாவநிவாரண நாளில் திரைக்குள் போகும்போது அவர் உடுத்தியது வெறும் சணல்நூல் வஸ்திரம் (லேவியராகமம் 16:4).

சாவு பயம் உண்மைதான். அதற்கு வசனம் சொல்லும் வழி வேறு: இரண்டு கைப்பிடி பொடித்த தூபவர்க்கத்தை நெருப்பில் போட்டு, புகை உடன்படிக்கைப் பெட்டியின் மூடியான கிருபாசனத்தை மூடவேண்டும் (16:12-13). பிறகு காளையின் இரத்தம், அடுத்து வெள்ளாட்டுக்கடாவின் இரத்தம் தெளிக்கவேண்டும். எபிரெயர் 10:19-22 “இரத்தத்தினாலே”, “திரையின் வழியாய்” என்று பேசுவது இந்த முறையை வைத்துத்தான். பிரசங்கத்தில் கயிற்றை விட்டுவிட்டுப் புகையைச் சொல்லுங்கள்.