22 நாடுகளில் 7ஐப் பொறுக்கினார் என்பது தவறு
"அன்செல் கீஸ் 22 நாட்டுத் தரவில் 7ஐ மட்டும் காட்டினார், கொலஸ்ட்ரோல் கதையே பொய், குளிசையை நிறுத்துங்கள்" என்று எழுதிய அண்ணனுக்கு: இரண்டு வெவ்வேறு ஆய்வுகள் இங்கே கலந்துவிட்டன. கொழுப்பான உணவுக்கும் இதய நோய்க்கும் தொடர்பு உண்டு என்று சொன்ன அமெரிக்க ஆய்வாளர் கீஸ், 1953இல் அதற்காகப் போட்ட வரைபடத்தில் இருந்தவை 6 நாடுகள். 22 நாட்டுக் கணக்கு, 1957இல் அவரை விமர்சித்த யெருசால்மியும் ஹில்லெபோவும் எழுதியது. அந்த விமர்சனம் நியாயமானதுதான், வரைபடம் பலவீனமானது. ஆனால் கீஸின் ஏழு நாடுகள் ஆய்வு வேறு, அது தொடங்கியதே 1958இல். 40 முதல் 59 வயதான 12,000க்கு மேற்பட்ட ஆண்களை நேரில் பரிசோதித்து, வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள்.

கொலஸ்ட்ரோல் குளிசைக்கு ஆதாரம் கீஸும் அல்ல. ஸ்கண்டிநேவியாவில் 4,444 இதய நோயாளிகளில் பாதிப் பேருக்கு கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் சிம்வாஸ்டடின், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் குளிசை. 1994இல் முடிவு வந்தபோது, மருந்து எடுத்தவர்களிடையே மரணம் சுமார் 30 வீதம் குறைந்திருந்தது.

குளிசையை நிறுத்தினால் சில வாரங்களில் எல்டிஎல் எனும் கெட்ட கொலஸ்ட்ரோல் பழைய அளவுக்கு ஏறிவிடும். உடம்புக்கு ஒன்றும் தெரியாது, அதுதான் பயம். ஹட்டன், நுவரெலியா பக்கம் கிளினிக்கில் அதே வகைக் குளிசையான அட்டோவாஸ்டடின் எடுப்பவர்களே, தசைவலி வந்தால் கிளினிக் கொப்பியோடு போய்ச் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். கடும் வலியோடு சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனால் மட்டும் குளிசையை நிறுத்திவிட்டு அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.