ஹாரி கேனுக்குக் கிடைத்த அவகாசம்

இங்கிலாந்து கால்பந்து வீரர் ஹாரி கேனைப் பற்றி இங்கே வரும் பதிவுகள் பெரும்பாலும் ‘எட்டு வயதில் ஆர்சனல் கிளப் துரத்திவிட்டது, பிறகு ஜெயித்துக் காட்டினார்’ என்று இரண்டே வரியில் முடிந்துவிடுகின்றன. படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. அந்த இரண்டு வரிக்கும் நடுவே 13 வருடம் கிடக்கிறது. அத்தனை வருடமும் பொறுத்திருந்தவர்களைப் பற்றி யாருமே பேசுவதில்லை.

லண்டனின் வடகிழக்கு ஓரம், சிங்ஃபோர்டு. அங்குள்ள ரிட்ஜ்வே ரோவர்ஸ் சிறுவர் அணியில்தான் டேவிட் பெக்காமும் ஆடினார், கேனும் ஆடினார். ஆர்சனலின் அகாடமி, அதாவது சிறுவர்களுக்கான பயிற்சிப் பிரிவு, கேனை எடுத்தது, ஒரே சீசனில் அனுப்பிவிட்டது. கொஞ்சம் குண்டாக இருந்தான், விளையாட்டு வீரனுக்கான உடல்வாகு இல்லை என்று அகாடமித் தலைவராக இருந்த லியாம் பிராடி பின்னாளில் சொன்னார். தவறு செய்துவிட்டோம் என்றும் ஒப்புக்கொண்டார். பால் பல்லே முழுசாக விழுந்திருக்காத வயசு அது! அந்த உடம்பைப் பார்த்து என்னத்தைத் தீர்மானிக்க முடியும்?

வாட்ஃபோர்டில் சில வாரம் ஆடிப் பார்த்துவிட்டு, 2004இல் டோட்டன்ஹாம் கிளப்பின் அகாடமியில் சேர்ந்தார். அங்கேயும் உடனே ஜொலித்துவிடவில்லை. ஆனாலும் அவரை விடாமல் வைத்திருந்தார்கள்.

2011 ஜனவரியில், 17 வயதில், மூன்றாம் நிலை லீக்கில் இருந்த லேட்டன் ஓரியன்ட் கிளப்புக்கு லோனில், அதாவது தற்காலிகமாக, ஆடப் போனார். அகாடமி ஆட்டம் வேறு, இது வேறு. எதிரே நிற்கும் டிஃபெண்டருக்கு அந்தச் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடும். சின்னப் பையன் என்றெல்லாம் பார்க்க மாட்டார், முழங்கையை வைத்து இடிப்பார். கேன் அங்கே 18 ஆட்டங்களில் 5 கோல் அடித்தார். அதே வருடம் ஆகஸ்டில் டோட்டன்ஹாமுக்காக முதல் ஆட்டம், ஹார்ட்ஸ் அணியுடன். கிடைத்த பெனால்டியைக் கோல்கீப்பர் தடுத்துவிட்டார். அடுத்த லோன் மில்வாலுக்கு. கீழ் லீக்குக்கு இறங்கிவிடுவோமோ என்று அந்த அணி தவித்துக்கொண்டிருந்த சீசன் அது. இறங்காமல் தப்பியதில் கேனின் கோல்களுக்குப் பெரிய பங்கு உண்டு. கிளப்பின் சிறந்த இளம் வீரர் விருதும் கிடைத்தது. பிறகு நார்விச்சுக்கு லோனில் போனபோது கால் எலும்பு முறிந்தது. அடுத்த லோனில், லெஸ்டரில், பல ஆட்டங்கள் பெஞ்சிலேயே போயின.

19 வயதில் அவருடைய நிலைமை இதுதான். இன்றைய சமூக ஊடக ரசிகர்கள் கையில் சிக்கியிருந்தால் ‘இவன் தேறமாட்டான், வித்துடுங்க’ என்று ஒரே வாரத்தில் முடிவு கட்டியிருப்பார்கள்.

2014 ஏப்ரலில் டோட்டன்ஹாம் பயிற்சியாளராக இருந்த டிம் ஷெர்வுட், இளையோர் அணிகளைக் கவனித்த காலத்திலிருந்தே கேனை அறிந்தவர், சண்டர்லாந்துக்கு எதிரான லீக் ஆட்டத்தில் அவரைத் தொடக்கத்திலிருந்தே ஆடவிட்டார். கேன் கோல் அடித்தார். அடுத்த சீசனில் புதுப் பயிற்சியாளர் பொச்செட்டினோவின் கீழ் 31 கோல். 2015 பிப்ரவரியில், துரத்திய அதே ஆர்சனலுக்கு எதிராக இரண்டு. அதற்குப் பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும்: 2018 உலகக் கோப்பையில் அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி, டோட்டன்ஹாமுக்கு 280 கோல், இங்கிலாந்துக்காக அதிக கோல் அடித்தவர் என்ற சாதனை.

முதல் லோனில் ஆடிய அந்தச் சின்னக் கிளப்பைக் கேன் மறக்கவில்லை. 2020இல் கொரோனாவால் ஓரியன்ட் தவித்தபோது, அதன் ஜெர்சியின் விளம்பர இடத்தைத் தானே வாங்கினார். அதில் தன் பெயரைப் போடாமல் மருத்துவப் பணியாளர்களுக்கு நன்றி சொல்ல வைத்தார். அவர் அடித்த எந்தக் கோலையும்விட எனக்கு இது பிடிக்கும்.

இங்கிலாந்து அகாடமிகளில் 8, 9 வயதிலேயே பிள்ளைகளைப் பதிவு செய்துவிடுகிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தொழில்முறை ஆட்டக்காரர் ஆவதில்லை. அவர்களில் எத்தனை பேருக்கு இன்னும் நாலைந்து வருடம் மட்டும் தேவைப்பட்டிருக்கும்? வயதை விட்டுவிட்டு, உடல் வளர்ச்சியை வைத்து அணி பிரித்து ஆடவைக்கும் முறை அங்கே சில வருடங்களாக இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் அது போதாது. 15 வயது வரைக்கும் உடம்பைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் வெளியே அனுப்பக் கூடாது என்று விதியே கொண்டுவர வேண்டும். கிளப்புகளுக்குக் கூடுதல் செலவாகும்தான். ஒரே வீரருக்குப் பல நூறு கோடி கொட்டிக் கொடுப்பவர்களுக்கு இது ஒரு செலவா?